ஏழாவது மேசை

சலூனுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. பழைய துண்டு மூட்டைகள், கால் உடைந்த சுழல் நாற்காலி, காலி ஷாம்பு கேன்கள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. வடக்குப் பக்கம் ஒரு ஜன்னல். வடக்கு ஜன்னலில் வெயில் நேராக விழாது. காலையிலிருந்து மாலைவரை ஒரே மாதிரியான, பால் போன்ற வெளிச்சம் வரும். சலூனை நடத்திய அண்ணனுக்கும் தம்பிக்கும் இது தெரியாது. அவர்கள் மனைவிமார் இருவருக்கும் தெரியும். வம்பு அங்கேதான் பிறந்தது.

அண்ணன் மனைவி பெரியவள் ஐந்து வருடமாகப் படம் எடுக்கிறாள். சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் முகங்கள். நெற்றி முடியை வெட்டும்போது எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். வங்கி மேலாளரானாலும் லாரி ஓட்டுநரானாலும் அந்தக் கணத்தில் அவர்கள் முகம் நான்கு வயதுக்குப் போய்விடும். அதைத்தான் அவள் எடுத்தாள்.

சின்னவள் ஒன்றரை வருடமாக எடுக்கிறாள். அதுவும் பெரியவள் புதுக் கேமரா வாங்கியபோது, "சும்மா வெச்சுக்கோ" என்று கொடுத்த பழைய கேமராவில். கொடுத்த கையைப் பெரியவள் அதற்குப் பிறகு பலமுறை தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறாள்.

இருவரும் படவேலைக்கு அந்த அறையைக் கேட்டார்கள். ஆண்கள் இருவரும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்கள்.

"நாங்க தீர்ப்புச் சொன்னா வீடு ரெண்டாயிடும்," என்றான் பெரியவளின் கணவன். "படத்தைப் பத்தி எங்களுக்கு என்ன தெரியும்? பாஸ்போர்ட் போட்டோவுல காது தெரியணும். அதோட சரி."

"ஒளிப்பட விழான்னு ஒண்ணு நடக்குதே," என்றான் தம்பி. "அங்க பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து படம் பார்க்கிறாங்களாம். ஒருத்தரோட படத்தை மட்டும் மெயின் சுவத்துல மாட்டுவாங்களாம். உங்க ரெண்டு பேர்ல சுவர் யாருக்கோ, ரூம் அவங்களுக்கு."

"ரெண்டு பேருக்கும் கிடைக்கலைன்னா?" என்று கேட்டாள் சின்னவள்.

"துண்டு மூட்டை அங்கேயே இருக்கட்டும். அதுக்கும் ஒரு இடம் வேணும்ல."

அன்றிலிருந்து வீட்டில் விழாவுக்கான படங்களோடு இரண்டு பெட்டிகள் தயாராயின. ஒருத்தி பெட்டியைத் திறக்கும்போது இன்னொருத்தி சமையலறையில் பாத்திரத்தை உரக்க உருட்டுவாள், பார்க்கவில்லை என்பதற்கு அத்தாட்சியாக. பெரியவள் தன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். சின்னவளுடையது பீரோவுக்கு மேல். ஒருநாள் வீட்டில் யாருமில்லாதபோது பெரியவள் ஸ்டூல் போட்டு ஏறி, பெட்டிமீது கையை வைத்துவிட்டு, திறக்காமல் இறங்கிவிட்டாள். நல்ல மனசு என்று சொல்ல முடியாது. உள்ளே இருப்பது நன்றாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

விழா ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கில் நடந்தது. குளிர் போய்விட்டிருந்தாலும் மீன் வாசனை விடைபெறவில்லை. கூடத்தில் எண் போட்ட மேசைகள். மேசைக்கு ஒரு பக்கம், படம் பார்த்துக் கருத்துச் சொல்ல, பார்வையாளர் எனப்பட்ட பெரிய மனிதர். மறுபக்கம் பெட்டியோடு வந்தவர். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும். பெட்டிக்காரர்கள் எழுந்து அடுத்த மேசைக்கு ஓட வேண்டும். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை. அவை எல்லாமே எப்போதும் பின்பக்கம் திரும்பியே தொங்கின.

விழா இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த ஆண்டு நம் கருப்பொருள், இன்மை. அதனால்தான் கூடத்தில் மின்விசிறி இல்லை. குடிநீர் இல்லை. சிலர் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். அவர்களுக்குக் கருப்பொருள் புரியத் தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவளும் தட்டினாள். அவள்தான் கழிப்பறை எங்கே என்று கேட்டவள்.

முதல் மேசையில் அருங்காட்சியகத்திலிருந்து வந்த அம்மாள். பெரியவளின் பெட்டியைத் திறந்து, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, படங்களைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இவங்க ஏன் கண்ணை மூடியிருக்காங்க?"

"முடி உள்ள விழுந்துடும்ங்க."

"அது வெளிக் காரணம். உள் காரணம்?"

பெரியவள் யோசித்தாள். "கண்ணுல முடி விழுந்தா உறுத்தும்ங்க."

அம்மாள் பெருமூச்சு விட்டாள். "இந்தப் படத்துல நீங்க எங்க இருக்கீங்க?"

"கேமராவுக்குப் பின்னாடி."

"அதான் பிரச்சினை. எல்லாரும் அங்கேயே போய் நிக்கிறீங்க." கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். "முகங்களை எடுத்துடுங்க. நாற்காலி இருக்கட்டும். அப்புறம் யோசிச்சுப் பார்த்து நாற்காலியையும் எடுத்துடுங்க. நான் அருங்காட்சியகத்துல சேர்ந்து இத்தனை வருஷத்துல எதையுமே வாங்கினதில்ல. அதான் என் தொகுப்பை எல்லாரும் மதிக்கிறாங்க."

பக்கத்து மேசையில் சிரிப்புச் சத்தம். சின்னவளின் சிரிப்பு. எதிரே இருந்த புத்தகப் பதிப்பாளரும் சேர்ந்து சிரித்தார். படம் காட்டும் இடத்தில் என்ன சிரிப்பு?

மணி அடித்தது. இடம் மாறும்போது சின்னவள் அவள் கையைப் பிடித்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"அக்கா, அவர் ரொம்ப நல்ல மனுஷன்கா. என் படம் எல்லாம் லேசாக் கோணலா இருக்காம். 'இந்தக் கோணல் எனக்கு வேணும்'னாரு. கார்டு குடுத்தாரு."

"ஏன் கோணல்?"

"கேமரா வைக்கிற முக்காலியில ஒரு கால் குட்டைக்கா. நீங்க குடுத்ததுதானே."

பெரியவள் கொடுத்த முக்காலிதான் அது. நன்றாக இருந்ததைத் தான் வைத்துக்கொண்டு, கால் குட்டையானதைக் கொடுத்தாள். இப்போது பார்த்தால் நல்லதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

அவள் பதிப்பாளர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் படங்களைப் பார்க்கவில்லை. ஒரு படத்தை எடுத்து முகர்ந்தார். விரலால் சுண்டினார். காதருகே வைத்து ஆட்டினார்.

"தாள் நல்லா இருக்கு. இதுல எத்தனை பேர் செத்துட்டாங்க?"

"யாரும் சாகலைங்க. எல்லாரும் நல்லா இருக்காங்க. மாசாமாசம் முடிவெட்ட வர்றாங்க."

"அது கொஞ்சம் பலவீனம்தான்." அவர் அனுதாபத்தோடு தலையசைத்தார். "இருந்தாலும் மனசை விட்டுடாதீங்க, காலம் இருக்கு. போன தடவை நாங்க போட்ட புத்தகத்துல படமே கிடையாது. பக்கங்களை ஒட்டித் தச்சிருந்தோம். பிரிச்சாக் கிழியும். வாங்கினவங்க ஒருத்தர்கூடப் பிரிக்கல. அதுக்குத்தான் அந்த வருஷம் பரிசு."

"உள்ள என்ன இருந்துச்சுங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நானும் வாங்கினவன்தானே."

இப்போது அருங்காட்சியக அம்மாளின் மேசையில் சின்னவள். அந்த அம்மாள் கையுறையோடு சின்னவளின் கையைப் பற்றிக்கொண்டிருந்தாள். தன் கையை அவள் தொடவேயில்லை என்பது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வயிற்றில் சின்னதாக அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது. அது நாள் முழுக்க அணையவில்லை. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் யாரோ ஒரு விறகைத் தள்ளினார்கள்.

மதியத்துக்குமேல் எல்லோரும் பேசிக்கொண்டது ஏழாவது மேசையைப் பற்றித்தான். அங்கே வர வேண்டியவர் ஒரு மகா விமர்சகர். தன்னை யாரும் படமெடுக்க அவர் விட்டதில்லை. அதனால் அவர் எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆணா பெண்ணா என்பதிலேயே இரண்டு கட்சி இருந்தது. அவர் அதிகம் பேசமாட்டார் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. அவர் கை காட்டுகிறவருக்குத்தான் சுவர்.

காலையிலிருந்து அவர் வரவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. ஆனாலும் மணி அடித்ததும் ஆட்கள் வரிசையாகப் போய் அந்தக் காலி நாற்காலியின் எதிரில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, இருபது நிமிடம் படங்களைப் புரட்டிக் காட்டிவிட்டு எழுந்து வந்தார்கள்.

"எப்படி இருந்துச்சு?" என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார்.

பாறைகளை மட்டுமே படமெடுக்கும் தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருபது வருஷமா என்னை இப்படி யாரும் புரிஞ்சுக்கிட்டதில்ல. ஒரு வார்த்தை குறுக்கப் பேசலை."

பெரியவளின் முறை வந்தது. அவள் போய் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். காலி நாற்காலி முன்னால் படம் காட்ட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மனிதர்கள் முன்னால் காட்டுவதைவிடக் கொஞ்சம் குறைவான கூச்சம்தான். ஆனால் மேலே ஒரு தகரம் பெயர்ந்திருந்தது. அதன் வழியாக வெயில் நேராக அவள் பக்கம் விழுந்தது. வண்ணப் படங்களுக்கு வெயில் ஆகாது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் போய் நிழலில் இருந்த அந்தப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். படங்களின் நடுவே வைத்திருந்த மெல்லிய தாள்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். முடிவதற்குள் மணி அடித்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டீங்களா," என்றாள் அந்தப் பெண். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

பெரியவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பெண் தன் பெட்டியைத் திறந்துவிட்டாள். ஒருவர் பெட்டியைத் திறந்தபிறகு எழுந்துபோவது மரியாதை இல்லை என்று பெரியவளுக்குத் தோன்றியது. பார்த்துவிட்டுச் சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். எல்லாம் கதவுகள். கடைசிக் கதவுவரை பார்த்தாள். தலையசைத்தாள். அந்தப் பெண் எழுந்து கைகூப்பிவிட்டு ஓடினாள். மணிக்கு இன்னும் பாதி நேரம் இருந்தது. இதற்குள் கூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மகா விமர்சகர் வந்துவிட்டார். புடவை கட்டியிருக்கிறார். பெண் என்ற கட்சி ஜெயித்தது.

அடுத்தவர் வந்தார். அடுத்தவரும் வந்தார். ஒவ்வொரு முறையும் பெரியவள் சொல்லத்தான் நினைத்தாள். சொல்வதற்கு முதலில் தொண்டையைச் செருமுவது அவள் வழக்கம். அவள் செருமியதும் எதிரே இருப்பவர்கள், "புரியுதுங்க, அந்தப் படத்தை எடுத்துடுறேன்" என்று ஒரு படத்தைக் கிழித்துப்போட்டார்கள். மூன்று நல்ல படங்கள் இப்படிக் கிழிந்தபிறகு அவள் செருமுவதை நிறுத்திக்கொண்டாள். தூணுக்குப் பின்னால் விழா இயக்குநர் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எதிரே வந்து உட்கார்ந்தவள் சின்னவள்.

"அக்கா!" கண்கள் விரிந்தன. உடனே குரலைத் தாழ்த்தினாள். "உங்களையே இங்க உக்கார வெச்சுட்டாங்களா? எனக்குத் தெரியும்கா. காலையில ஒருத்தராவது உங்க படத்தை ஒழுங்காப் பார்த்திருப்பாங்கன்னு நினைச்சேன்."

"அதில்லடி, நான் வந்து..."

"பேசக் கூடாதுன்னு சொன்னாங்கக்கா. நீங்க பாருங்க." பெட்டியை முன்னால் தள்ளினாள். கழுத்து சிவந்திருந்தது. "வீட்டுலயே காட்டணும்னு ஆசை. கூச்சமா இருந்துச்சு. நீங்க என்ன சொல்வீங்களோன்னு."

பெரியவள் பெட்டியைத் திறந்தாள். சலூன்தான். கோணலாகத்தான் இருந்தது. தரையில் கிடந்த முடி, ஈரத் துண்டு, சீப்புகள். பரவாயில்லை என்று மனம் சொன்னது. பரவாயில்லை, பரவாயில்லை. வயிற்றில் நெருப்பு கொஞ்சம் தணிந்தது. அவள் நிம்மதியாக அடுத்த தாளை விலக்கினாள்.

முடி வெட்டி முடித்தபின், பின்கழுத்தைக் காட்டச் சிறு கைக்கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் பிடிப்பார்களே, அந்தக் கணம். நாற்காலியில் ஒரு நடுவயதுக்காரர். கைக்கண்ணாடியில் அவருடைய உச்சந்தலை, அதில் ஒரு கையகல வழுக்கை. தனக்கு அது இருக்கிறது என்பதை அவர் அந்த நொடியில்தான் பார்க்கிறார். பெரிய கண்ணாடியில் அவர் முகம் தெரிகிறது. கைக்கண்ணாடியைப் பிடித்திருப்பவன் பெரியவளின் கணவன். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறான். அந்த மனிதரை ஒரு நொடி தனியாக விடுவதற்காக.

ஐந்து வருடம் அவள் அதே சலூனில் நின்றிருக்கிறாள். முன்பக்கம் நின்றாள். பின்பக்கம் ஒரு கண்ணாடி பிடிக்கிறார்கள் என்பது தெரிந்தும் அங்கே போய் நிற்கவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. கணவனின் அந்த முகத்தையும் அவள் வீட்டில் பார்த்ததில்லை. இவள் பார்த்திருக்கிறாள். பார்த்து, எடுத்து, பீரோவுக்கு மேல் வைத்திருந்திருக்கிறாள்.

இன்னொரு விநாடி அந்தப் படத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. டப்பென்று பெட்டியை மூடினாள். மூடியதோடு நில்லாமல் இரண்டு கைகளையும் மூடிமேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூடிட்டாங்க!" தூணுக்குப் பின்னாலிருந்து இயக்குநர் ஓடிவந்தார். "எல்லாரோட பெட்டியையும் கடைசிவரைக்கும் பார்த்தவங்க, இதை மட்டும் பாதியில மூடிட்டாங்க! இதுக்குமேல பார்க்க ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க!"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க," என்றாள் பெரியவள்.

"அதைத்தானே நாங்களும் சொல்றோம்!"

அவள் எழுந்து நின்றாள். இப்போதாவது சொல்லிவிடவேண்டும். "நீங்க நினைக்கிற ஆள் நான் இல்லைங்க."

இயக்குநர் ஒலிபெருக்கியை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். குரல் தழுதழுத்தது. "கேட்டீர்களா? 'நான் இல்லை.' இந்த ஆண்டுக் கருப்பொருளை விளக்க நான் பதினான்கு பக்கக் கட்டுரை எழுதினேன். இவர் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்!"

"இவங்க எங்க வீட்டுக்காரரோட அண்ணி," என்றாள் சின்னவள், நியாயத்துக்காக. "எங்கக்கா மாதிரி."

"எல்லா மேதைகளுக்கும் குடும்பம் உண்டு," என்று இயக்குநர் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். "அதை நாம் பெரிதுபடுத்த வேண்டாம். அம்மா, ஒரே ஒரு வார்த்தை. ஏன் மூடினீர்கள்?"

ஒலிபெருக்கி அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. வாயில் வேறு எதுவும் வரவில்லை. இருந்ததுதான் வந்தது.

"பொறாமை."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அருங்காட்சியக அம்மாள்தான் முதலில் எழுந்தாள். "இதை நான் காலையிலேயே உணர்ந்தேன். அவள் பெட்டியைத் திறந்ததுமே எனக்குப் பொறாமை வந்துவிட்டது. கையுறை போட்டிருந்ததால் வெளியே தெரியவில்லை."

"மன்னிக்கணும்," என்றார் பதிப்பாளர். "அவங்க என் மேசைக்குத்தான் முதல்ல வந்தாங்க. முதல் பொறாமை என்னுடையது. கார்டுகூடக் கொடுத்திருக்கேன்."

"உங்களுடையது வியாபாரப் பொறாமை."

"உங்களுக்குச் சம்பளத்துக்கு வர்ற பொறாமை."

மற்ற மேசைக்காரர்களும் எழுந்தார்கள். தனக்குப் பசியே போய்விட்டதாக ஒருவர் சொன்னார். இன்னொருவர் படங்களைப் பார்க்காமலேயே பொறாமைப்பட்டதாகவும், அதுதான் தூய்மையானது என்றும் சொன்னார். பாறைத் தாடிக்காரர் தனக்கு எல்லோர் மேலும் பிறவியிலிருந்தே உண்டு என்றார். அவரைப் பேசவிடவில்லை. அவர் வெறும் பெட்டிக்காரர்.

சுவர் சின்னவளுக்குக் கிடைத்தது. கோணல் படங்களைக் கோணல் போகாதபடி நேராக மாட்ட இரண்டு ஆட்கள் ஏணியில் ஏறினார்கள். மேலே பெரிய எழுத்தில் 'பொறாமை' என்று எழுதினார்கள். கைக்கண்ணாடிப் படத்தை மட்டும் கடைசியில், தீயணைப்புக் கருவிக்குப் பின்னால் மாட்டினார்கள். மற்ற படங்களைவிட அதில் கோணல் குறைவு என்றார் இயக்குநர்.

கூட்டம் கலைந்தபிறகு பெரியவள் தன் பெட்டியோடு அவரிடம் போனாள்.

"நானும் படம் எடுப்பேங்க. அஞ்சு வருஷமா. ஒருதடவை பார்த்தீங்கன்னா..."

அவர் முகம் சுருங்கியது. "வேண்டாம்மா. விமர்சகர்கள் படம் எடுப்பது நல்ல பழக்கம் இல்லை. உங்கள் பெயர் கெட்டுவிடும். அடுத்த ஆண்டும் ஏழாவது மேசை உங்களுக்குத்தான். முடிந்தால் வராமல் இருங்கள். இன்னும் சிறப்பாக இருக்கும்."

மறுநாள் துண்டு மூட்டைகள் வெளியே போயின. உடைந்த நாற்காலி போயிற்று. பெரியவளின் கணவன் அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவினான். "தீர்ப்பு தீர்ப்புதான்," என்று மனைவியிடம் சொன்னான். "நாங்க சொல்லல. படிச்சவங்க சொல்லியிருக்காங்க. வருத்தமா?" அவள் அவன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். படத்தில் பார்த்த அந்த முகம் இல்லை. இது வேறு முகம்.

சின்னவள் படங்களைப் பரப்பிவைக்க ஒரு நீள மேசை வாங்கியிருந்தாள். தூக்க ஆள் இல்லை. சலூனில் இரண்டு நாற்காலியிலும் ஆட்கள். "நான் பிடிக்கிறேன்," என்று பெரியவள் வந்தாள். அவள் முன்பக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கி நடந்து அறைக்குள் போனாள். மேசை பாதிவரை வந்து வாசலில் மாட்டிக்கொண்டது. பெரியவள் உள்ளே. சின்னவள் வெளியே, சலூன் பக்கம்.

"அக்கா," என்றாள் சின்னவள், மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து. "நிஜமாவே பொறாமையா? இல்ல, சும்மா அவங்களுக்காகச் சொன்னீங்களா?"

"நிஜமாத்தான்."

"எதைப் பார்த்து?"

"கைக்கண்ணாடி. அவர் திரும்பிக்கிறாரே."

சின்னவள் மேசையின் கனத்தைக் கை மாற்றிக்கொண்டாள். "மூணு மாசம் அதுக்காக நின்னேன்கா. மாமா எப்பவும் திரும்பிப்பாரு. ஆனா நாற்காலியில இருக்கிறவங்க போனைப் பார்த்துட்டு இருப்பாங்க. ஒரே ஒரு நாள் ரெண்டும் சேர்ந்துச்சு. நேத்து அத்தனை பேர் பார்த்தாங்க. ஒருத்தர்கூட அதைப் பத்திப் பேசலை. எல்லாரும் கோணல் கோணல்னாங்க."

"கோணல் முக்காலியால."

"அதான் நானும் சொன்னேன். அவங்க கேக்கல." மேசை விளிம்பை விரலால் தேய்த்தாள். "நீங்க வேணா காலையில வந்து வேலை பாருங்கக்கா. நான் மதியத்துக்குமேல..."

"பாதி வேணாம்," என்றாள் பெரியவள். இவ்வளவு உரக்க அவள் இந்த வீட்டில் பேசியதே இல்லை. "எனக்கு முழுசா வேணும்."

"எனக்கும் முழுசாதான் வேணும்," என்றாள் சின்னவள். அக்கா என்று சேர்க்கவில்லை.

சலூனில் கத்தரிச் சத்தம் நின்றது. "என்னம்மா, மேசை போகலையா?" என்று தம்பியின் குரல் கேட்டது.

"போகும்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"கொஞ்சம் உங்க பக்கம் தூக்குங்க," என்றாள் சின்னவள்.

"உன் பக்கம் தூக்கு."

யாரும் தூக்கவில்லை. யாரும் விடவும் இல்லை. சின்னவள் வெளியே நின்று வழி தேடினாள். மேசை அசையாமல் பெரியவள் வெளியே வர முடியாது. அதேபோல் சின்னவள் உள்ளே வரவும் முடியாது. பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். பால் போன்ற வெளிச்சம் சுவரில், தரையில், அவள் கைகளில் ஒரே சீராக விழுந்திருந்தது. மாலைவரை அது மாறாது.

அவளுக்கு ஒன்றும் அவசரமில்லை.